லிங்கதுரை வீட்டு இடைவழியில் கல்யாணப் பந்தி

லிங்கதுரை அண்ணன் வீட்டு இடைவழி நீளத் தொடங்கியது, வயிற்றில் இருப்பது புண் இல்லை, புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதைத் தன் பெண்டாட்டி பிரம்மசக்தியிடம் மறைத்து, "ஒண்ணுமில்ல, புண்ணுதானாம், மாத்திரை தந்திருக்காவ" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட அன்றைக்கு. அவளாவது உண்மையாக இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண் அவளிடம் தோசை மாவு வாங்குகிறவள், முந்தின நாளே காதோடு காதாகச் சொல்லிவிட்டிருந்தாள், ஆனாலும் இவள் ஒன்றும் அறியாதவளாக "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று சிரித்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள், திரும்பும்போது வழக்கத்தைவிட ஓர் எட்டு கூட வைக்க வேண்டியிருந்தது.

நான் சொர்ணம், அவர்களுக்குப் பக்கத்து வீடு. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டின எங்கள் தெருவில் எல்லாம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின லைன் வீடுகள், முன்னால் பட்டாசல் என்கிற முன்னறை, பின்னால் அடுக்களை, நடுவில் ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் தலையும் காலும் இடிக்கிற இடைவழி, அவ்வளவுதான் வீடு. புறவாசல் கிடையாது. அடுக்களையில் ஒரு கம்பி சன்னல் உண்டு, அது பக்கவாட்டில் உள்ள சந்தைப் பார்த்திருக்கும், சந்துக்கு இந்தப் பக்கம் என் அடுக்களைச் சன்னல். அதனால் பிரம்மசக்தி கிரைண்டரில் மாவு ஆட்டுவதும் மூக்கை உறிஞ்சுவதும் எனக்குத் தப்பாமல் கேட்கும், அவள் எதற்காக மூக்கை உறிஞ்சினாள் என்று புருஷன்காரர் கேட்டால் என்ன சொன்னாள் என்பதும் கேட்கும்.

என்னத்தைச் சொல்வாள், வெங்காயம் என்பாள். வீட்டில் வெங்காயமே இல்லாத வாரத்திலும் வெங்காயம்தான். "வலிக்குதா?" என்று அவள் கேட்டால் இல்லை என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. "தூங்குனியாளா?" என்று அவர் கேட்டால் நல்லாத் தூங்கினேன் என்பாள், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. ஒவ்வொரு முறை ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணுமில்ல என்று சொல்லும்போதும் இடைவழியில் புதிதாக ஒரு வரிசைத் தரை ஓடு முளைத்தது, பழைய ஓட்டில் இருந்த அதே சிவப்புப் பூ, அதே மஞ்சள் விளிம்பு, மேலே கூரையும் பக்கத்தில் சுவரும் அதற்குத் தக்கபடி நீண்டுகொடுத்தன. கொத்தனார் வைத்துக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. வெளியே இருந்து பார்த்தால் வீடு எப்போதும் போலத்தான் இருக்கும், என் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை, தெருவில் ஒரு சாண் கூடவில்லை, உள்ளே போனால்தான் அடுக்களை ஆடி மாதம் தெரு முனைத் தூரத்தில் இருந்தது ஆவணியில் பக்கத்து ஊர்த் தூரத்துக்குப் போனது தெரியும்.

அவர் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள் என்று நான்தான் பிரம்மசக்திக்குச் சொன்னேன். அவளும் படுத்தாள். "கால் அமுக்கவா?" என்றாள், "வேண்டாம், வலி இல்ல" என்றார், விடிந்து பார்த்தால் பாயோடு அடுக்களையில் கிரைண்டர் பக்கத்தில் கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த முயற்சியை விட்டுவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். எங்கள் தெருவுக்கு அலற நேரம் கிடையாது, கிடைத்ததை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்க்கிற தெரு இது. மாநகராட்சியிலிருந்து டேப்போடு ஒருத்தர் வந்தார், வெளியே அளந்தார், சரியாக இருந்தது, உள்ளே அளந்தார், டேப் தீர்ந்து போனது, டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். சர்க்கரை வியாதிக்காரர்கள் தெருநாய்க்குப் பயந்து நடக்காமல் இருந்தவர்கள், இங்கே நிழலாக, சமதளமாக, நாய் இல்லாத பாதை இருக்கிறது என்று காலையும் மாலையும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நடக்கத் தொடங்கினார்கள். மழை தூறினால் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து கொடி கட்டினார்கள். பாதி வழியில் யாரோ புண்ணியவாட்டி ஒரு தண்ணீர்ப் பானை வைத்தாள். இடைவழிக்கு அந்தக் கோடியிலிருந்து பிரம்மசக்தி கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு, துணிக்கொடியில் தலை தட்டாமல் குனிந்து, எதிரே கைவீசி வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு நடந்து வருவாள். அவர்களும் நின்று, "லிங்கதுரைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அன்பாகக் கேட்பார்கள். "பரவால்ல, நல்லாருக்காவ" என்பாள். அவள் காலடியில் இன்னொரு வரிசை ஓடு வரும், நடக்கிறவர்களுக்குச் சந்தோஷம்.

பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் சந்துச் சன்னல் வழியாகக் கஞ்சியை வாங்கி, வெளியே சுற்றி முன்வாசல் வழியாகப் போய் அவர் கையில் கொடுக்க ஆரம்பித்தேன், சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். உதவி என்று நினைத்துச் செய்தேன். கஞ்சியோடு சேர்த்து, "அவ எப்படி இருக்கா சொர்ணம்?" "அவிய எப்படி இருக்காவ அக்கா?" என்கிற விசாரிப்பையும் நானே சுமக்க வேண்டியதாயிற்று, பதிலுக்கு ஒண்ணுமில்லையையும் நானே சுமந்து திரும்பினேன். வாசலுக்கும் சந்துக்கும் நடுவே நான் ஒரு தபால்காரி.

புற்றுநோய்க்கான ஊசி ஏறத் தொடங்கியதும் நோயின் பேர் இரண்டு பேருக்கும் நடுவே வெளிப்பட்டுவிட்டது, ஒண்ணுமில்லை மட்டும் நிற்கவில்லை. இப்படி இருக்கையில் டாக்டர் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, மருந்து முன்னே மாதிரி கேட்கவில்லை, நோயைக் குணமாக்கும் கட்டம் தாண்டிவிட்டது, இன்னொரு சுற்று ஊசி போட்டால் கொஞ்ச நாள் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், உடம்பு ரொம்பப் படும், வேண்டாம் என்றால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்து சொல்லுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். பேச வேண்டியதுதானே? பேசவில்லை. அவள் முகத்தை அவர் பார்த்தார், அவர் முகத்தை அவள் பார்த்தாள், இரண்டு பேரும் ஒரே மூச்சில் "போட்டிருங்க டாக்டர்" என்றார்கள். போன ஊசிக்கே அவர் வாயெல்லாம் வெந்து, தண்ணீர் விழுங்க முடியாமல், பட்டாசலில் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஊசிக்கு நாள் குறித்தாயிற்று.

அந்த வாரத்தில்தான் ஆராய்ச்சியம்மா வந்தாள். பேர் பௌசியா, காயல்பட்டினத்துப் பெண், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஆராய்ச்சி பண்ணுகிறாள், புற்றுநோய் வந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அதை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள், கவனித்துக்கொள்கிறவர் மனசு என்ன பாடுபடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. இடைவழியை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பயப்படவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அவள் வேலை பார்க்கிற விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இரண்டு பேரையும் தனித்தனியாகத்தான் கேட்பாளாம், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பாளாம். பட்டாசலில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் கேட்டாள். கஞ்சிப் பாத்திரத்தை வாங்க வந்த நான் வாசலில் நின்றேன், கேட்டது. "எனக்கு இந்த ஊசி வேண்டாம்மா. என்னால முடியல. ஆனா அவளுக்காகப் போட்டுக்கிடணும். வேண்டாம்னா அவ ஒடஞ்சிருவா. அவகிட்ட சொல்லிராத." பிறகு சந்துக்கு வந்து கம்பி சன்னலுக்கு வெளியே நின்று அவளிடம் கேட்டாள். என் அடுக்களையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன், கேட்டது. "அவிய படுற பாட்டப் பாக்க முடியல மேடம். போதும்னு இருக்கு. ஆனா அவியளுக்கு உசுரு மேல ஆச இருக்கும்லா, நான் போயி போதும்னு எப்படிச் சொல்லுவேன்? அவியகிட்ட சொல்லிராதீங்க."

பௌசியா சந்து முனையில் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுதாவ. போயிச் சொல்லேம்மா" என்றேன்.

"முடியாதுக்கா. வாக்குக் குடுத்திருக்கேன். நான் சொன்னா நாளைக்கு வேற யாரும் எங்கிட்ட வாயத் தெறக்க மாட்டாங்க" என்றாள். "இது நெறைய வீட்ல நடக்குது. ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துறதா நெனச்சு மறைப்பாங்க. மறைக்க மறைக்க ரெண்டு பேரும் தனியாளா ஆயிருவாங்க. வீடு நீள்றது மட்டும்தான் இங்க புதுசு."

"படிச்சு என்னம்மா பிரயோசனம், தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கியே" என்றேன்.

"எனக்கும் அதான் எரிச்சலா இருக்கு" என்றாள் அவள்.

எனக்கு யாருக்கும் வாக்குக் கொடுத்த பாவம் இல்லை. அன்றைக்கே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரம்மசக்தியிடம் போட்டு உடைத்தேன், உன் வீட்டுக்காரருக்கு ஊசி வேண்டாமாம், உனக்காகத்தான் போட்டுக்கொள்கிறாராம் என்று. அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. மாவுக் கையைக்கூடக் கழுவாமல் இடைவழி முழுக்க ஓடி, நடக்கிறவர்களை எல்லாம் இடித்துக்கொண்டு, மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்று, "ஒங்களுக்கு ஊசி வேண்டாம்னு சொன்னியளாமே, மெய்யா?" என்று கேட்டாள். அவர் அவள் மாவுக் கையைப் பார்த்தார், இரைக்கிற மூச்சைப் பார்த்தார், "சே, யாரு சொன்னா? சும்மா பேச்சுக்குச் சொன்னது. நீ பயப்படாத, நான் நல்லாத் தாங்குவேன்" என்றார். அவளும் "அதான பாத்தேன், நீங்க தைரியசாலியாச்சே" என்றாள். அவ்வளவுதான், தரை ஓடு வரிசை வரிசையாகக் கிளம்பி ஓடியது, தண்ணீர்ப் பானை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிற்று, அவள் அடுக்களைக்குத் திரும்பிச் சேர்வதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அந்தச் சன்னலைத் திறக்கவே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் செந்தூர்பாண்டி அண்ணாச்சி உள்ளே புகுந்தார். பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், எங்கள் தெரு சங்கத்துக்குத் தலைவர், மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாலி கட்டுவது திருச்செந்தூர் கோயிலில், சாப்பாடு போட மண்டபம் தேடினால் எல்லாவற்றிலும் யாரோ தேதி பிடித்துவிட்டார்கள். தெருவில் பந்தல் போடலாம் என்றால் மழை வரும் போல இருந்தது. அண்ணாச்சி ஒருநாள் சாயங்காலம் லிங்கதுரை வீட்டு இடைவழியில் நடந்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பாக. இரண்டு பக்கமும் இலை போட்டால் ஊரே உட்காரலாம். லிங்கதுரை அண்ணனிடம் கேட்டார்கள். தொந்தரவாக இருக்குமே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டபோது அவர், "ஒரு தொந்தரவும் இல்ல அண்ணாச்சி" என்றார், அதற்கும் ஒரு வரிசை கூடியது.

அதன் பிறகு அண்ணாச்சி தெருவில் சொல்லிவைத்தார். "கல்யாணம் முடியிற வரைக்கும் அங்கன போயி யாரும் வருத்தமா ஒண்ணும் பேசப்பிடாது, கேட்டியளா? நல்லதாப் பேசுங்க. தெம்பாப் பேசுங்க." தெருவும் பேசியது. ஆள் மாற்றி ஆள் போய், என் சித்தப்பாவுக்கு இதே வியாதிதான் இப்போது கல்லு மாதிரி இருக்கிறார் என்றும், மனசு தெம்பாக இருந்தால் நோய் கிட்டே வராது என்றும், அழாதே பிரம்மசக்தி நீ அழுதால் அவர் தாங்கமாட்டார் என்றும், கவலைப்படாதீர்கள் லிங்கதுரை நீங்கள் சோர்ந்தால் அவள் தாங்கமாட்டாள் என்றும் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டத் தலையாட்ட, பந்திக்கு இடம் போதுமா என்கிற கவலை அண்ணாச்சிக்கு அடியோடு போயிற்று. கல்யாணத்துக்கு மறுநாள் ஊசி. அது யாருக்கும் நினைவில்லை.

கல்யாணத்தன்று திருச்செந்தூரிலிருந்து வேன்கள் வந்து நின்றன. பட்டாசலைத் தாண்டித்தான் இடைவழிக்குப் போக வேண்டும், அதனால் வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் லிங்கதுரை அண்ணன் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்திருந்தாள் பிரம்மசக்தி. நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன், பௌசியாவையும் அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார், அவள் என் பக்கத்தில் பன்னீர்ச் சொம்போடு நின்றாள். "எப்படி இருக்கிய?" என்றார்கள் விருந்தாளிகள். "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்" என்றார் அவர். அடுத்தவரும் கேட்டார், அடுத்தவருக்கும் சொன்னார், பட்டுச்சேலைகளும் மல்லிகைப் பூவும் அவரைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தன, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், உதடு காய்ந்து வெடித்து, சட்டைக்குள் தோள் எலும்பு நடுங்க.

முதல் பந்தி உட்கார்ந்து, இலையில் பருப்பும் நெய்யும் விழுந்துகொண்டிருந்தபோது பிரம்மசக்தி கஞ்சி கொண்டுவந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு மாட்டிக்கொண்டிருந்ததால் அவளே நடந்து வர வேண்டியதாயிற்று. பந்தியில் உப்பு பத்தவில்லை என்று பரிமாறுகிற ஆட்கள் அவள் அடுக்களைக்கு வந்து கேட்டு, அவள் உப்பு ஜாடியை எடுத்துக் கொடுத்து, வாங்கி வைத்து, மறுபடி கொடுத்து, அந்தக் குழப்பத்தில் கஞ்சியில் உப்பைப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இன்னும் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். இலைகளுக்கு நடுவே காலை ஒடுக்கி ஒடுக்கி வைத்து அவ்வளவு தூரமும் வந்து சேர்ந்தாள். அவர் டம்ளரை வாங்கிக் குடித்தார். வெந்த வாய், எரிந்திருக்கும், கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குளா."

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. பாத்திரத்தில் மீதி இருந்ததை அங்கேயே நின்று வாயில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றின வேகத்தில் வாசல் பக்கம் ஓடிவந்து துப்பினாள், என் சேலையில் தெறித்தது.

திரும்பிப் போய் அவர் முன்னால் நின்றாள். பந்திக்கு வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் நிறுத்துகிற அளவுக்குச் சத்தமாகப் பேசினாள்.

"இதயா நல்லாருக்குன்னு சொன்னிய?"

"பரவால்ல, எனக்குப் பழகிட்டு."

"உப்புக் கரிச்சு நாக்கு அந்து போவுது! இதக் குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்லுத வாயிதான ஊசியும் தாங்குதுன்னு சொல்லுது? அந்த வாயத்தான நான் நம்பி ஒங்கள ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்? என்னய என்னன்னு நெனச்சிய? கஞ்சில உப்புக் கூடிட்டுன்னு சொன்னாக்கூடச் செத்துப்போவேன்னா?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தாங்கல" என்றார்.

இடைவழி ஒரு குலுக்குக் குலுங்கியது. இலைகள் எல்லாம் ஒரு முழம் நகர்ந்தன.

"என்ன சொன்னிய?"

"தாங்கலன்னு சொன்னேன். போன தடவையே தாங்கல. எனக்கு ஊசி வேண்டாம். நீ அழுவியேன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு வேண்டாம்ளா, போதும்."

"எனக்கும் போதும்! ஒங்கள அந்த வாளியோட பாக்க என்னால முடியல! போதும்னு சொன்னா, நீங்க போய்ச் சேரட்டும்னு நான் நெனைக்கேன்னு நெனச்சிருவியளோன்னு பயந்துகிட்டுக் கெடந்தேன்!"

ஓடுகள் வரிசை வரிசையாக உள்ளே போயின, வந்த மாதிரியே, சத்தமில்லாமல். சத்தம் எல்லாம் ஆட்கள் போட்டதுதான். கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவுக்கு வந்தார்கள், நடுவில் இருந்தவர்கள் பட்டாசலுக்கு வந்தார்கள், சாம்பார் வாளி தானாக முன்னுக்கு வந்தது, அப்பளக் கூடை வந்தது, இலையைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து வாசல் வழியாகத் தெருவில் கொட்டினார்கள், மாப்பிள்ளையின் மாலை நிலைப்படியில் மாட்டிக் கிழிந்தது. ஒருத்தருக்கும் அடிபடவில்லை, ஆனால் பாயசம் எல்லார் மேலும் இருந்தது.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி கையைத் தலையில் வைத்துக்கொண்டு கத்தினார். "ஏ பிரம்மசக்தி, கொஞ்ச நேரம் பொறுக்கப்பிடாதா? ரெண்டாம் பந்தி இன்னும் உக்காரலியேம்மா! நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் பேசலாமா?"

"எப்பப் பேசச் சொல்லுதிய அண்ணாச்சி?" என்றாள் அவள். "அவிய போன பொறவா?"

அண்ணாச்சி தலையில் வைத்த கையை இறக்கினார். பட்டாசலில் மிஞ்சியிருந்த நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம், வாசலில் ஆள் அடைத்து வெளியே போக வழி இல்லை, எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. கட்டிலுக்குப் பின்னால் ஒரே எட்டில் அடுக்களை வந்து நின்றது, கிரைண்டர் தெரிந்தது.

"நான் போதும்னு சொன்னா நீ அழுவியே" என்றார் அவர் மறுபடியும், சின்னப் பிள்ளை மாதிரி.

"அழுவேன். அழாம வேற என்ன செய்வாவ? பாத்துக்கிடுங்க, அழுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே, முந்தானையால்கூட முகத்தை மூடாமல், மூக்கு ஒழுக, வாயைத் திறந்து அழுதாள். வெங்காயம் என்று சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உடையவில்லை, கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார், இந்தத் தடவை கை எட்டியது. "எனக்குப் பயமா இருக்குளா" என்றார்.

பௌசியா படியில் போய் உட்கார்ந்தாள், தலையெல்லாம் பாயசம். "இதெல்லாம் ஒன் ஆராய்ச்சில வருமாம்மா?" என்று கேட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "இவ்வளவு கேள்வி கேட்டேனேக்கா, கஞ்சி எப்படி இருக்குன்னு ஒரு கேள்வி வைக்கத் தோணலியே எனக்கு" என்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள், ஊசி போட அல்ல, வேண்டாம் என்று சேர்ந்து சொல்ல. அதற்குப் பிறகு வலிக்கு மருந்து கொடுக்க ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து போனாள். நல்லபடியாக இருந்தார்கள் என்று நான் சொன்னால் பொய். சண்டை போட்டார்கள். சாளை மீனில் வைக்கிற புளிமுளம் குழம்பு வேண்டும் என்று கேட்பார், அவள் அரைத்து வைத்துக் கொண்டுவந்தால் வாடை பிடிக்கவில்லை, கொண்டு போ என்பார், காலையிலிருந்து நிற்கிற எனக்கு முதுகு ஒடிகிறது, ஒரு வாய் தின்றால் என்ன என்று அவள் கத்துவாள், முடியலைன்னா முடியலதான் என்று அவர் கத்துவார். ஒருநாள் உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது என்று சொல்லிவிட்டாள், எனக்கு மட்டும் என்ன, எனக்கும் என்னைப் பார்த்தால் சலிப்பாகத்தான் இருக்கிறது என்றார், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்ததும் எனக்குத்தான் கேட்டது. நடக்கிறவர்களுக்கு இடம் போயிற்று என்று கோபம், துணி காயப்போடுகிறவர்களுக்குக் கோபம், அண்ணாச்சி கார்த்திகை வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், பட்டப்பகல், எல்லாரும் வந்திருந்தோம், அண்ணாச்சியும் வந்து தலையைக் குனிந்து நின்றார், நர்ஸ் இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வழக்கம்போல யாரோ அவரிடம் குனிந்து, உங்களுக்கு ஒன்றும் ஆகாது, தெம்பாக இருங்கள் என்று ஆரம்பித்தார்கள். பிரம்மசக்தி ஒரு பார்வை பார்த்தாள், அந்த ஆள் நிறுத்திக்கொண்டார்.

"குளுருதுளா" என்றார் லிங்கதுரை அண்ணன்.

அவள் ஃபேனை நிறுத்தினாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்தினாள்.

"இன்னும் குளுருது."

என்னிடமிருந்து ஒரு கம்பளியை வாங்கி அதற்கு மேல் போட்டாள், காலைச் சுற்றிச் செருகினாள்.

"போதுமா?"

"போதாது."

அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்திருக்க, தெருவே வாசலில் நிற்க, கட்டிலில் ஏறி, கம்பளியைத் தூக்கிக்கொண்டு அவரோடு படுத்துக்கொண்டாள். நான்தான் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.